படகுலயே குடியிருக்கோம், மலேசியாவுல லங்காவி தீவு. கேக்கறத இங்க கேளுங்க

கடல்வீட்டுக்காரி:
வாடகை இழையில "எங்களுக்கு வாடகையே இல்ல, வீடு தண்ணில மிதக்குது"ன்னு ஒத்த வரி போட்டுட்டுப் போனேன், அது தப்பாப் போச்சு, தனி மடல்ல ஆளாளுக்கு கேள்வி. ஒரே பதில பத்து தடவ எழுத முடியல, அதான் இங்க.

நாங்க ரெண்டு பேரு, நானும் வீட்டுக்காரரும். சொந்த ஊரு சுங்கை பட்டாணி. படகு 34 அடி, 1984ல கட்டுனது, ஃபைபர் உடம்பு, ஒத்தைப் பாய்மரம், ரெண்டு பாய். வயசான வெள்ளைக்காரரு ஒருத்தரு முழங்கால் முடியாம ஊருக்குத் திரும்பறப்ப எங்ககிட்ட வித்துட்டுப் போனாரு. ரெண்டரை வருஷமா குவா விரிகுடாவுல மிதவையில கட்டிக் கெடக்கோம். அடியில சேத்துக்குள்ள கான்கிரீட் கட்டை, கட்டையில செயின், செயின் மேல மிதவை, மிதவையில ரெண்டு கயிறு, கயிறு முனையில எங்க குடும்பம், அவ்ளோதான். கரையில அந்த 12 மீட்டர் கழுகு சிலை இருக்கே, சமையக்கட்டு ஜன்னல்ல அது சில நேரம் தெரியும் சில நேரம் தெரியாது, ஏன்னா காத்தும் நீரோட்டமும் மாறுனா வீடே திரும்பிக்கும். காலையில கிழக்க பாத்து காப்பி போட்டா சாயங்காலம் மேற்க பாத்து போடுவேன், வாஸ்துக்காரங்க மன்னிக்கணும்.

ஃபோட்டோல பாக்கிற மாதிரி டெக்குல சாஞ்சு ஜூஸ் குடிக்கிறது எல்லாம் கெடையாது, பகல் பதினோரு மணிக்கு டெக்குல வெறுங்கால வச்சா தோசக்கல்லு. காலைல முழிச்சதும் பேட்டரி மீட்டரப் பாப்பேன், அப்புறம் தண்ணி டேங்க், அப்புறம்தான் புருஷன் மூஞ்சி. சோலார் 400 வாட் இருக்கு, ஃப்ரிட்ஜ் ஒண்ணே நாளைக்கு 50 ஆம்ப்-ஹவர் பேட்டரி கரண்ட குடிச்சிரும், இங்க கடல்தண்ணியே 29, 30 டிகிரி, அதுக்கு ஓய்வே கெடையாது. ரெண்டு நாள் சேந்தாப்ல மேகம் மூடுச்சுன்னா ஃப்ரிட்ஜ்ல இருக்கிற மீன மொதல்ல குழம்பு வச்சிருவேன். தண்ணி டேங்க் 280 லிட்டர், ரெண்டு பேருக்கும் சேத்து நாளைக்கு 20 லிட்டர்னு புடிச்சா ரெண்டு வாரம் வரும். தீந்தா 20 லிட்டர் கேன் ஆறு, டிங்கியில, அதான் கரைக்குப் போற குட்டிப் படகு, அதுல வச்சு கரைக்கும் படகுக்கும் நட. மழை வந்துச்சுன்னா ஒதுங்க மாட்டோம், மேல கட்டின தார்ப்பாய்ல குழாய் சொருகி டேங்குக்கு விட ஓடுவோம்.

கேளுங்க.

பல்லாவரம் பாலு:
அக்கா மொத கேள்வியே இதான் தப்பா நெனைக்காதீங்க, டாய்லெட் எப்டி??

கடல்வீட்டுக்காரி:
எல்லாரும் இதத்தான் கேக்க வர்றீங்க, பாலு தம்பிக்கு மட்டும்தான் தைரியம். கைப்பம்பு. கடல்தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளும், இருபது தடவ அடிக்கணும். துறைமுகத்துக்குள்ள நேரா கடல்ல விடறதில்ல, கீழ ஒரு தொட்டி இருக்கு, வெளிய போறப்பதான் காலி பண்ணுவோம். பிரச்சனை என்னன்னா கடல்தண்ணியும் மூத்திரமும் சேந்தா குழாய்க்குள்ள சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கும். ஒண்ணரை இஞ்சு குழாய் பென்சில் போற அளவு ஆயிருந்துச்சு நாங்க வாங்குறப்ப. வீட்டுக்காரரு அத கழட்டி கரைக்கு எடுத்துட்டுப் போயி சிமெண்ட் தரையில துணி தொவைக்கிற மாதிரி அடிச்சாரு, உள்ளேருந்து வெள்ளையா பாளம் பாளமா உதிருது, பக்கத்துல சாப்பிட்டுட்டு இருந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. இப்ப வாரம் ஒரு தடவ வினிகர் ஊத்தி ராத்திரி பூரா விட்டுருவோம். வினிகர் வாங்குற அளவப் பாத்து கடைக்கார ஆண்ட்டி ஊறுகா வியாபாரமான்னு கேட்டாங்க.

திருமலைப்பொடியன்:
அக்கா, எங்கட திருகோணமலைக்கும் மாசி மாசமளவில உங்கட பக்கத்தில இருந்துதான் பாய்க்கப்பல்கள் வாறது. வாடைக்காத்தோட லங்காவி, புக்கெட் பக்கமிருந்து வெளிக்கிட்டு எங்களிட்ட நிண்டுபோட்டு மாலைதீவுக்கோ செங்கடலுக்கோ போவினம். நான் சின்னனில கரையில நிண்டு பாத்துக்கொண்டே இருப்பன். ஒண்டு கேக்கலாமோ, சுனாமி பயம் இல்லையோ?

கடல்வீட்டுக்காரி:
இருக்கு தம்பி, அதுவும் திருமலைக்காரருகிட்ட இல்லன்னு சொல்ல முடியுமா. 2004 டிசம்பர் 26ல இங்க ரெபாக், தெலாகா ரெண்டு மரினாவுமே (படகு கட்டற துறை) அடி வாங்குச்சு, கட்டியிருந்த படகுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. ஆழத்துல இருந்தா அலை பெருசாத் தெரியாதாம், கரையோரமும் குறுகலான வாயும்தான் ஆபத்து. அதனால பெரிய நடுக்கம்னு சேதி வந்தா கரைக்கு ஓடறதா கடலுக்கு ஓடறதான்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம், நேரம் இருந்தா கடல், இல்லன்னா படக விட்டுட்டு மலை. ஆனா தினசரி பயம் அது இல்ல, மின்னல்தான். சுத்தி எல்லாம் தண்ணி, நடுவுல உங்க வீட்டு மேல 15 மீட்டர் அலுமினியக் கம்பம், நெனச்சுப் பாருங்க. இடி கிட்ட வந்துச்சுன்னா கையில புடிக்கிற ஜிபிஎஸ், ஃபோன் எல்லாத்தையும் எடுத்து பிரஷர் குக்கருக்குள்ள போட்டு மூடிருவேன். சுத்தி உலோகம் இருந்தா மின்னல் உள்ள இருக்கிறதத் தாக்காதுன்னுதான். மத்த படகுல எல்லாம் அடுப்போட இருக்கிற ஓவன்ல வைப்பாங்க, எங்ககிட்ட ஓவன் இல்ல.

கணக்குப்பிள்ளை:
குக்கர் வேலைக்காவாதுங்க. மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல ரப்பர் கேஸ்கட் இருக்கு, உலோகம் சுத்தி முழுசா ஒட்டணும் அப்பதான் தடுக்கும். உள்ள ஃபோன வச்சு கால் பண்ணிப் பாருங்க, அடிச்சா தடுக்கலன்னு அர்த்தம்.

கடல்வீட்டுக்காரி:
இப்பதான் பண்ணிப் பாத்தேன். அடிக்குது. குக்கருக்குள்ளேருந்து ரிங்டோன் வர்றதக் கேட்டு வீட்டுக்காரரு மேலேருந்து தலைய நீட்டி "விசில் மாத்திட்டியா"ங்கறாரு. கேஸ்கட்ட எடுத்துட்டு ஃபாயில் சுத்திப் பாக்கறேன்.

முத்துக்குளித்துறை:
நான் தூத்துக்குடி, அப்பா தோணியில சரக்கு ஏத்திட்டு மாலத்தீவு போனவரு. ஒரு விஷயம் வெளிப்படையா கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. ரெண்டரை வருஷமா மிதவையில கட்டிப் போட்டுருக்கீங்க, பாய் விரிக்கறதே இல்ல போல, அப்புறம் அது என்ன பாய்மரப் படகு? எங்க அப்பா சொல்லுவாரு, ஓடுற தோணிய விட நிக்கிற தோணிக்குத்தான் செலவுன்னு. அணியத்துல, அதான் படகு மூக்குல, கயிறு எங்க உரசுதுன்னு பாத்தீங்களா, நீவாடு (நீரோட்டம்) ஒரு பக்கம் காத்து ஒரு பக்கம்னு இழுத்தா ராத்திரி பூரா அறுத்துக்கிட்டே இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
எனக்கும் இதேதான். அது கூட ஒண்ணு, இது காசு இருக்கிறவங்க வெளையாட்டு தான? "எளிய வாழ்க்கை"ன்னு போடறது மட்டும் கொஞ்சம் உறுத்துது.

கடல்வீட்டுக்காரி:
நான் எளிய வாழ்க்கைன்னு எங்கயும் போடல பிள்ளைவாள், மேல போயி படிங்க 😄 காசு கணக்கு சொல்லிடறேன். நாங்க இருந்த மாடி வீட்ட வித்ததுல பாதிகூட ஆகல படகுக்கு. மாசம் சாப்பாடு, டீசல், கேஸ், ஃபோன் எல்லாம் சேத்து 2500 வெள்ளி (ரிங்கிட்). அது போக வருஷம் ஒரு தடவ தூக்கி அடிப் பெயிண்ட் அடிக்க 4000 கிட்ட. லங்காவி 1987லேருந்து வரி இல்லாத தீவு, அதான் இத்தன படகு இங்க நிக்கிது, சாமானும் வரியில்லாம வரும். ஆனா படகு சாமான்னு பேரு வச்சாலே வெலை மூணு மடங்கு, அதே போல்ட்டு சாதா ஹார்டுவேர் கடையில சில்லறைக்குக் கெடைக்கும். வெளையாட்டான்னு கேட்டீங்கன்னா தெரியல, வீட்டுக்காரரு ஃபேக்டரியில 22 வருஷம் மெஷின் மெக்கானிக்கா இருந்தாரு, அந்தக் கை இல்லன்னா எங்களால முடிஞ்சிருக்காது. ஆள் வச்சு வேல பாக்கறவங்களுக்குத்தான் இது பணக்காரன் வெளையாட்டு.

முத்துக்குளித்துறை அண்ணன் கேட்டதுக்கு நாளைக்கு எழுதறேன். அது ஒரு பெரிய கத, அதுல நான் தலை குனியணும்.

ஈப்போ இளங்கோ:
நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியல, அது வரைக்கும் சாப்பாட்டப் பத்தி போடுங்க. தோசை உண்டா?

கடல்வீட்டுக்காரி:
தோசை இல்லாம தமிழ்க் குடும்பமா. மிக்ஸி 550 வாட், இன்வெர்ட்டர்ல ஓட்டுவேன், ஆனா நல்ல வெயில் நேரத்துல மட்டும், மதியம் பன்னெண்டுலேருந்து ரெண்டுக்குள்ள, பேட்டரி ரொம்பி வழியறப்ப. மாவு புளிக்கிறதப் பத்தி கேக்கவே வேணாம், இந்தச் சூட்டுல அஞ்சு மணி நேரத்துல பொங்கிரும். மொத மாசம் ஊர் நெனப்புல ராத்திரி பூரா விட்டேன், கட்டிலுக்கு அடியில இருக்கிற பெட்டியில வச்சிருந்தேன், காலைல பாத்தா மாவு வழிஞ்சு படகோட அடிவயித்துக்குப் போயி அங்க சேர்ற தண்ணிய வெளிய தள்ளற பில்ஜ் பம்பு ஆன் ஆயிருச்சு. வெளிய ஒரு பைப்புலேருந்து தோச மாவா கடல்ல விழுது, மீனுக்கெல்லாம் அன்னைக்கு பசியாறல் எங்க செலவு.

கேஸ் மட்டும் வெளையாட்டு இல்ல. வீட்டுல கேஸ் லீக் ஆனா ஜன்னல் தெறந்தா ஓரளவு போயிரும், படகுல அது காத்த விட கனம், கீழ எறங்கி அடிவயித்துல தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். அதனால சிலிண்டர் வெளிய, தனிப் பொட்டியில, பொட்டிக்கு அடியில கடலப் பாத்து ஓட்டை. சமையல் முடிஞ்சா மொதல்ல சிலிண்டர் வால்வ மூடிட்டு அடுப்பு தானா அணையிற வரைக்கும் நிப்பேன், குழாய்ல ஒரு துளி கூட மிச்சம் இருக்கக் கூடாது. அம்மா வந்திருந்தப்ப "சாமிக்கு முன்னாடி நிக்கிற மாதிரி நிக்கிறியே"ன்னாங்க.

அட்டைப்பெட்டி படகுக்குள்ள வரவே வராது. கரப்பான் அந்த அட்டை மடிப்புக்குள்ள முட்ட வச்சிருக்கும். முட்டை, பால் டின்னு எல்லாம் கரையிலயே பிரிச்சு பையில கொட்டி எடுத்துட்டு வருவோம்.

பல்லாவரம் பாலு:
ராத்திரி தூக்கம் வருமா அக்கா, ஆடிக்கிட்டே இருக்குமே

கடல்வீட்டுக்காரி:
ஆட்டம் தாலாட்டு மாதிரி பழகிரும், சத்தம்தான் பழகாது. கயிறு மரத்துல அடிக்கிற டங் டங் ஒண்ணு, எந்திரிச்சுப் போயி இழுத்துக் கட்டணும். இன்னொண்ணு மொத நாள் ராத்திரி நான் பயந்தே போயிட்டேன், படுத்து தலையணையில காத வச்சா படகோட சுவத்துக்கு அந்தாண்டை யாரோ கடுகு தாளிக்கிறாங்க. பட பட படன்னு நிக்காம. ஃபைபர் உரியுதுன்னு நெனச்சு இவர எழுப்பி டார்ச் அடிச்சு தேடுனோம். கடைசியில பாத்தா ஒரு வகை இறால். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், ஒரு கொடுக்கு பெருசு, அத சொடக்கு போடற மாதிரி மூடும், அந்த வேகத்துல தண்ணியில ஒரு குமிழி உண்டாகி உடையும், சத்தம் அந்தக் குமிழியோடது. சூடான கடல் எல்லா எடத்துலயும் இருக்குமாம். இப்ப அந்தச் சத்தம் இல்லாத கரை வீட்டுல படுத்தா எனக்குத் தூக்கம் வரல.

முத்துக்குளித்துறை:
அந்த பெரிய கத எங்க?

கடல்வீட்டுக்காரி:
வந்துட்டேன் அண்ணே. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. மொத ஒண்ணரை வருஷம் பாய் விரிச்ச நாள எண்ணுனா 11. சோம்பல்தான், வேற ஒண்ணும் இல்ல. கெளம்பணும்னா எல்லா சாமானையும் எடுத்து உள்ள அடுக்கணும், மாவு டப்பா, செடித்தொட்டி, காயப் போட்ட துணி எல்லாம், வீடு காலி பண்ற மாதிரி. அதனால அடுத்த வாரம் அடுத்த வாரம்னு.

போன வருஷம் ஆகஸ்ட். தென்மேற்குக் காத்து காலத்துல இங்க சுமத்ரான்னு ஒண்ணு வரும், மேற்கால சுமத்ரா தீவுப் பக்கம் இருந்து ராத்திரியில கெளம்பி விடியக்காலைல அடிக்கும், முக்கா மணி நேரம்தான், ஆனா 40 நாட் தாண்டும், மணிக்கு 74 கிலோமீட்டர். அன்னைக்கு நாலரை மணிக்கு எனக்கு முழிப்பு வந்ததே சத்தத்துல இல்ல, ஆட்டம் மாறுனதுல. மிதவையில கட்டியிருந்தா மூக்கு காத்தப் பாத்து நிக்கும். இப்ப பக்கவாட்டுல சாயுது. மேல வந்து பாத்தா கயிறு இருக்கு, கயித்துல மிதவையும் இருக்கு, மிதவைக்கு கீழ செயின் இல்ல. நாங்க மிதவையோட சேந்து மொத்தமா போயிட்டு இருக்கோம்.

செயினையும் மிதவையையும் சேக்கிற ஷேக்கிளோட பின்னு சுத்திச் சுத்தி கழண்டுருச்சு, கழலாம இருக்க அதுல கம்பி சுத்தி முறுக்கணும், கம்பி துருப்புடிச்சு எப்பவோ போயிருக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ஒருத்தரு முழுகிப் பாத்து எல்லாம் நல்லாருக்குன்னு 150 வெள்ளி வாங்குனாரு. இந்தத் தண்ணியில உள்ளங்கையே தெரியாது, அவரு என்னத்தப் பாத்தாரோ, வீட்டுக்காரரே முழுகித் தடவிப் பாத்திருக்கணும்.

சரி எஞ்சின போடலாம்னு போட்டாரு, ஒடனே எடுத்துருச்சு, ஆனா ஃபுல் த்ராட்டில் குடுத்தும் படகு நகர மாட்டேங்குது, சும்மா பின்னாடி நொரையா தள்ளுது. தண்ணிக்குள்ள இருக்கிற எஞ்சின் விசிறி பூரா பார்னக்கிள், அதான் ஓடு ஓடா ஒட்டி வளருமே அந்தக் கடல் உயிரு, மூணு மாசமா சுத்தாத விசிறி, அது விசிறி இல்ல அண்ணே, பலாப்பழம். சரி நங்கூரம்னு நான் முன்னால ஓடி அணியத்துல மூடிய தெறந்தா, ஏழு மாசமா தொடாத செயின், கண்ணியும் கண்ணியும் துருவுல ஒட்டி புத்து மாதிரி ஒரே கட்டியா நிக்குது. அந்த மழையில முட்டி போட்டு உக்காந்து சுத்தியால அடிச்சேன், இவரு பின்னால சுக்கான் புடிச்சுக்கிட்டு கத்தறாரு, ஒரு வார்த்தை காதுல விழல, நல்லதாப் போச்சு. ஒரு பக்கம் உடைஞ்சு சரசரன்னு 25 மீட்டர் ஓடிச்சு. நங்கூரம் கொஞ்ச தூரம் சேத்துல இழுத்துக்கிட்டே வந்து அப்புறம் புடிச்சுச்சு. பின்னால இருந்த கேட்டமரானுக்கும் (ரெட்டை உடம்புப் படகு) எங்களுக்கும் நடுவுல ஒரு பஸ் நீளம்தான். அந்தப் படகுல ஒரு அம்மா நைட்டியோட ரெண்டு ரப்பர் தடுப்ப கையில புடிச்சுட்டு நிக்கிறாங்க, நம்ம மோதறதுக்கு ரெடியா.

விடிஞ்சப்புறம் என் கையப் பாத்தேன், துரு வெரல் ரேகைக்குள்ள போயி ஒரு வாரம் போகல.

முத்துக்குளித்துறை:
ஆத்தாடி. அப்பா கேட்டாருன்னா சுத்தியல எடுத்துட்டு மொத உங்க தலையில போட்டுருப்பாரு. நல்லவேள நங்கூரத்துக்கு நேரம் இருந்துச்சு. ஷேக்கிளுக்கு ஒத்தக் கம்பி பத்தாதுங்க, ரெண்டு சுத்து, எதிரெதிரா முறுக்கணும், மாசம் ஒரு தடவ கையால தடவிப் பாக்கணும், கண்ணால இல்ல.

கடல்வீட்டுக்காரி:
அதான் இப்ப பண்றோம் அண்ணே. இன்னொண்ணும் மாத்துனோம், ஒவ்வொரு மாசமும் மொத சனிக்கிழமை கெளம்பியாகணும், காய்ச்சல்னாலும். டாயாங் புந்திங் தீவுப் பக்கம் போயி ரெண்டு ராத்திரி நங்கூரம் போட்டுட்டு வருவோம். அங்க மலைக்கு நடுவுல நல்ல தண்ணி ஏரி, கடலுக்கும் அதுக்கும் நடுவுல சின்ன கரடுதான். ரெண்டரை வருஷமா வாளியில குளிக்கிறவளுக்கு அந்த ஏரியில எறங்குறதுதான் பொங்கலும் தீபாவளியும். மேல செம்பருந்து வட்டம் போடும், லங்காவிங்கிற பேரே அந்தப் பருந்தால வந்ததுன்னு சொல்வாங்க, நம்ம பாட்டிங்க இருந்தா கன்னத்துல போட்டுக்கிட்டே இருப்பாங்க, தினமும் கருட தரிசனம். திரும்பி வர்றப்ப விசிறி சுத்தம், செயின் கழுவியாச்சு, தொட்டி காலி, எஞ்சினும் ரெண்டு மணி நேரம் லோடுல ஓடியாச்சு. மாசம் ஒரு தடவ வீடு காலி பண்ணி அடுக்கறதால தேவையில்லாத சாமானும் கொறஞ்சுருச்சு.

திருமலைப்பொடியன்:
ஈரம் பூஞ்சணம் எல்லாம் எப்பிடி அக்கா? எங்கட வீட்டிலயே மாரி காலத்தில புத்தகம் எல்லாம் நாறும்.

கடல்வீட்டுக்காரி:
அது முடியாத சண்டை. மெத்தைக்கு அடியில பலகை பூரா ஓட்டை போட்டு காத்து போக விட்டோம், தோல் செருப்பு, பெல்ட்டு எல்லாத்தையும் ஊர்ல விட்டாச்சு, கல்யாணப் பட்டுச்சேலை அம்மா வீட்டு பீரோவுல. அலமாரி கதவு எல்லாத்தையும் கழட்டி துணி தொங்க விட்டுருக்கேன். உப்பு காஞ்ச துணி ஈரத்த இழுக்கும், அதனால கடல்ல குளிச்சா ஒரு சொம்பு நல்ல தண்ணி மேல ஊத்திக்காம உள்ள வரக் கூடாது, இது வீட்டுச் சட்டம், விருந்தாளிக்கும்.

ஈப்போ இளங்கோ:
விருந்தாளின்னதும் ஞாபகம் வருது, பள்ளி லீவுல குடும்பத்தோட லங்காவி வர்றோம், கோல பெர்லிஸ்ல ஃபெர்ரி. ஒரு மணி நேரம் படகப் பாக்க விடுவீங்களா? எதாச்சும் வாங்கிட்டு வரணுமா?

கடல்வீட்டுக்காரி:
தாராளமா வாங்க, மொத சனிக்கிழமையா மட்டும் இருக்க வேணாம். படகுத்துறையில நின்னு ஃபோன் பண்ணுங்க, இவரு டிங்கியில வருவாரு, ஒரு தடவைக்கு மூணு பேருதான். சக்கரம் வச்ச பெட்டி வேணாம், மடிக்கிற பை. தண்ணி வத்துற நேரமா வந்தீங்கன்னா படகுத்துறை ஏணி உயரமா இருக்கும், ரெண்டரை மூணு மீட்டர் எறங்கும் இங்க, பெரியவங்க இருந்தா முன்னாடியே சொல்லுங்க நேரம் பாத்துச் சொல்றேன். வாங்கிட்டு வர்றதுன்னா கருவேப்பிலக் கன்னு ஒண்ணு, ரெண்டு வச்சு ரெண்டும் உப்புக்காத்துல போயிருச்சு, இந்த தடவ உள்ள ஜன்னல்கிட்ட வச்சுப் பாக்கறேன். அட்டைப்பெட்டியில வச்சு கொண்டாராதீங்க.